அக்கரையில் என்ன தெரிகிறது?

பவுனு அத்தை இறந்த செய்தி வந்தபோது நான் அரியலூரில் இருந்தேன். ஒரு ஜவுளிக்கடையில், வந்தவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகளைத் திரும்ப மடித்து அடுக்குவது என் வேலை. யாரோடும் அதிகம் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் அதையே கேட்டு வாங்கினேன். சித்தி வீட்டில் தங்கியிருக்கிறேன். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது அம்மா போன் செய்தார்.

"பவுனு அத்த போயிட்டாங்கடி. காலைல மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்து உக்காந்தவங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க. பஸ்ஸப் புடிச்சு வா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆத்துல தண்ணி இல்ல. நடந்தே வந்துடலாம்."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. முப்பது வருடம் நம்மையெல்லாம் பரிசலில் ஏற்றி இறக்கியவர் வைகாசியில் போனார். அவரைக் கரையிலிருக்கும் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர்கள் கொதிக்கிற மணலில் நடந்துதான் போனார்கள். பரிசல் அவர் வீட்டு வாசலில் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

முப்பதாம் நாள் காரியத்துக்கு நோட்டீஸ் அடிக்கிறோம், பரிசலில் எப்போதும் அத்தைக்கு முன்னால் உட்காருகிறவள் நீதான், அரைப் பக்கம் எழுதிக் கொடு என்று முருகேசன் அண்ணன் கேட்டார். அவர் அத்தையின் கொழுந்தனார் மகன். அரைப் பக்கம் எழுதிப் பார்த்தேன். படித்தபோது அது வேறு யாரையோ பற்றியதாக இருந்தது. அதனால் நீளமாக எழுதுகிறேன். நோட்டீசில் இடமில்லை என்றால் போடவேண்டாம். அத்தையைத் தெரிந்தவர்கள் ஒருமுறை படித்தால் போதும்.

நாணல்திட்டைத் தெரியாதவர் கையிலும் இது கிடைக்கலாம். கொள்ளிடத்துக்கு நடுவில் ஒரு மண்மேடு, அதுதான் எங்கள் ஊர். சித்திரை, வைகாசியில் வந்து பார்ப்பவர்கள் இதைத் தீவு என்று நம்ப மாட்டார்கள். சுற்றிலும் மணல்தான். ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்புவோம். பால் கேனைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு அக்கரையிலிருக்கும் கரையூருக்குப் போவோம். ஆனியிலோ ஆடியிலோ மேட்டூர் நிரம்பி, மிச்சத் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிட்டால் செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் வந்துவிடும். மாடுகளைக் கரைக்கு ஓட்டுவோம். கரண்டை நிறுத்திவிடுவார்கள், மறுநாளே எல்லோருடைய போனும் அணைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழைத்தண்ணீர். மார்கழியில் ஆறே தெரியாத பனி. தையில் நம் செங்கரும்பு பரிசலில் ஏறினால்தான் அரியலூர்க்காரர்களுக்குப் பொங்கல் என்று என் அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த ஏழெட்டு மாதமும் ஊருக்கு ஒரே வாசல் அத்தையின் பரிசல்தான்.

அந்த வாசலுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. துடுப்புப் பிடிப்பவர் "தண்ணி வேணாங்குது" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. யாராக இருந்தாலும் திரும்பிப் போக வேண்டும். இன்னொன்று, தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது பரிசல் அக்கரையில் நிற்கக்கூடாது. ஆளை இறக்கிய கையோடு திட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அவசரத்துக்கு நமக்கு இருப்பது அது ஒன்றுதான் என்பதால் இந்தக் கட்டுப்பாடு.

அத்தையின் சொல்லுக்கு இருந்த மரியாதையைச் சொல்ல ஒரு கல்யாணம் போதும். நான் ஆறாவது படித்தபோது, கரையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்து ஆற்றங்கரையில் நின்றார்கள். அவர்களை ஏற்றப் போன அத்தை, வழியில் நடு ஆற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டு, அக்கரை மணலில் துடுப்பைக் குத்தி நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் மாமா குதித்தார்.

"முகூர்த்தம் போயிரும்மா! என்னா விளையாடறியா?"

"மாப்ளைக்கு அவசரம், சரி. ஆத்துக்கு என்ன அவசரம்?"

"நாங்க நீந்தியே போயிருவோம்!"

"தாராளமா போங்க. தவிலக் குடுத்துட்டுப் போங்க, அதுவாவது மிஞ்சட்டும்."

மேளக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அத்தனை பாரத்தோடு வேண்டாம் என்று அத்தை வெறும் பரிசலோடு திரும்பிவிட்டார். மணப்பெண்ணும் சோறும் இக்கரையில் காத்திருக்க, சாயங்காலம் தண்ணீர் தணிந்த பிறகுதான் தாலி கட்டினார்கள். அன்று நடு ஆற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு உருண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். அதிலிருந்து அத்தை வேண்டாம் என்றால் யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

அந்த வருடம்தான் நான் கரையூர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தேன். வகுப்பில் என் குரலைக் கேட்டவர்கள் குறைவு. வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால்கூட கையைத்தான் தூக்குவேன். பரிசலில் பெண்கள் எல்லாம் ஒரு பக்கமாக உட்கார்ந்து பேசிக்கொண்டு வருவார்கள். நான் தனியாக முன்னால் உட்காருவேன். ஏழாவது படிக்கும்போது ஒருநாள் அத்தை கேட்டார்:

"ஏ புள்ள, வாயில என்ன கொழுக்கட்டையா? அக்கரைல என்ன தெரியுது, சொல்லு பாப்போம்."

நான் கஷ்டப்பட்டுச் சொன்னேன். "கம்பம்."

"கம்பம் நேத்தும் இருந்துச்சு. வேற?"

"மூணு பனை. மோட்டார் கொட்டா. கொட்டா மேல கொக்கு."

"கொக்கு எத்தன?"

"ரெண்டு. இல்ல, ஒண்ணு பறந்துடுச்சு."

"அப்படிப் பேசு. முன்னால தண்ணி எப்படிப் போவுது? சுழிக்குதா, வழுக்குதா?"

தினமும் இதுதான் எங்கள் பேச்சு. நான் சொல்லச் சொல்ல அவர் துடுப்பைப் போடுவார். "எடது பக்கம் நுரையா இருக்கு அத்த" என்றால் பரிசல் வலப்பக்கம் போகும். "மட்டை மிதந்து வருது" என்றால் நிறுத்தி வழிவிடுவார். என் பேச்சைக் கேட்டு ஒரு பரிசலே நடந்துகொள்வது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. வீட்டில் அண்ணன் என்னை ஊமை என்பான். அத்தை அவனிடம், "யாருடா ஊமை? இவ பேசறத நிறுத்துனா நான் துடுப்பப் போட்டுட்டுப் போயிடுவேன்" என்று சொன்னார். அந்த வாக்கியத்தை ஒரு பரிசு மாதிரி நான் வைத்திருந்தேன்.

மார்கழிப் பனியில் எதிரில் இருப்பவர் முகமே தெரியாது. மற்றவர்கள் பயந்துகொண்டு பரிசலின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார்கள். அத்தை மட்டும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கரையூர்க் கோயில் ரேடியோச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே கொண்டுபோய்ச் சேர்ப்பார். "பனியில எல்லாரும் ஒண்ணுதான்" என்பார். அதைக் கேட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

பத்தாவதில் கணக்கில் போய்விட்டது. மற்ற பாடங்களில் பரவாயில்லை. ஆனியில் வரும் மறுதேர்வுக்குப் பணம் கட்டினேன். தேர்வு அரியலூரில். பெரம்பலூரில் பாலிடெக்னிக் சேர வேண்டும் என்பது என் ஆசை. வகுப்புத் தோழி ஒருத்தி அங்கே போவதாகச் சொல்லியிருந்தாள். கணக்கு மட்டும் தேறிவிட்டால் அந்த வருடமே சேர்ந்துவிடலாம். அதை அப்பாவிடம் சொல்வதற்கு முன்பு பரிசலில் அத்தையிடம்தான் சொன்னேன்.

"தண்ணி வந்துட்டா என்னத்த பண்றது?" என்று கேட்டேன்.

"வந்தா வரட்டும். ஒன்னய நான் கொண்டுபோய் விடறேன். நீ பாட்டுக்குக் கணக்கப் போடு" என்றார். தலையில் கையை வைத்துத்தான் சொன்னார்.

அந்த வருடம் மேட்டூர் சீக்கிரம் நிரம்பியது. தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் புதுத்தண்ணீர் வந்தது. ஆண்கள் எல்லோரும் மாடுகளோடு கரைக்குப் போய்விட்டார்கள். என் அப்பாவும் அண்ணனும் அங்கேதான் இருந்தார்கள். தேர்வு நாள் காலையில் வண்டியோடு கரையில் நிற்பதாக அப்பா சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் இல்லை, போன் இல்லை. காலையில் தலைசீவி, ஹால்டிக்கெட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அம்மாவோடு துறைக்குப் போனேன். என்னைத் தவிர அன்று கடக்க வேண்டியவர் யாருமில்லை.

அத்தை பரிசலுக்குப் பக்கத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தார். துடுப்பால் இரண்டு முறை ஆழத்தைக் குத்திப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் கேட்டார்.

"அக்கரைல என்ன தெரியுது?"

"அப்பா நிக்கிறாங்க அத்த. வண்டில சாஞ்சிட்டு நிக்கிறாங்க. துண்ட ஆட்டறாங்க."

"எப்படி ஆட்டறாரு?"

"இப்படி, இப்படி." நான் கையை அசைத்துக் காட்டினேன்.

"வேணாங்கறாரு."

"வரச்சொல்றாங்கன்னு நெனைக்கிறேன் அத்த."

"வேணாம்னுதான் ஆட்டறாரு. பெத்தவரே சொல்றாரு பாரு. தண்ணி வேணாங்குது புள்ள."

அந்தச் சொல்லுக்கு மேல் பேச்சில்லை என்பது அம்மாவுக்கும் தெரியும். நான் மறுபடியும் அக்கரையைப் பார்த்தேன். அப்பா இன்னும் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பார்த்தது எனக்கே சந்தேகமாகிவிட்டது. வேண்டாம் என்பது போலவே தெரிய ஆரம்பித்தது. பத்து மணி ஆகும்வரை அங்கேயே நின்றோம். அதன் பிறகு அப்பா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் தண்ணீர் தணிந்து அப்பா வந்தார். வாசலிலேயே சத்தம் போட்டார்.

"வா வான்னு தொண்ட கிழியக் கத்தறேன், துண்ட ஆட்டறேன், ஆத்தாளும் மவளும் பொம்ம மாரி நிக்கிறீங்க! தண்ணி என்னடி பெருசா ஏறிக் கெடந்துச்சு? அந்தம்மாவுக்குச் சோம்பலு!"

என் வாழ்க்கையில் அப்பாவிடம் நான் குரலை உயர்த்தியது அன்று ஒருநாள்தான். "அத்தயப் பத்தி அப்படிப் பேசாதீங்க. நீங்க கரைல நின்னு பாத்தீங்க. நடு ஆறு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். அப்பா திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் அத்தை கெண்டை மீன் குழம்பு கொண்டுவந்து கொடுத்தார். நான் அழுதபோது முதுகைத் தடவிக்கொண்டே, "தண்ணிகிட்ட கோச்சுக்க முடியுமா? தண்ணிக்கு ஒம் பரிச்ச தெரியுமா?" என்றார். எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்தக் குழம்பு ருசியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வருடம் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். தோழி பெரம்பலூர் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தனியாகப் போய் மறுபடி பணம் கட்ட, யாரையாவது கேட்கவேண்டும், பேசவேண்டும். நான் ஜவுளிக்கடைக்குப் போய்விட்டேன். ஆற்றின் மேல் எனக்குக் கோபமில்லை. அத்தை அப்படித்தானே சொல்லியிருந்தார்.

அவர் இறந்த ஐந்தாம் நாள், பெரம்பலூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த அவருடைய மகள் செல்வி அக்கா, வீட்டை ஒழுங்கு செய்ய என்னைக் கூப்பிட்டார். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பை வந்தது. அதில் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் மூடி திறக்காத சொட்டுமருந்துக் குப்பிகளும் இருந்தன.

"இது என்னக்கா?" என்றேன்.

"கண்ணு மருந்து. ஒரு நாளும் விட்டிருக்காது பாரு. ஆறேழு வருசமாவே மங்கல்தான், சர்க்கர. போன வருசம் தையில பெரம்பலூர்ல காட்டுனேன். டாக்டரு முடிவா சொல்லிட்டாரு, தூரத்துல இருக்கறது இனி தெரியாது, இருக்கறதக் காப்பாத்திக்கங்கன்னு. பரிசல வுட்டுரும்மான்னு கால்ல வுழாத கொறையாக் கெஞ்சுனேன். கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா எவன்டி ஏறுவான், ஒருத்தனும் என் வாசப்பக்கம் வரமாட்டான்னுச்சு."

கையிலிருந்த சீட்டைப் பார்த்தேன். தை மாதத்துத் தேதி. என் தேர்வு ஆனியில்.

"அப்பறம் எப்படிக்கா ஓட்டுனாங்க?"

செல்வி அக்கா பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "போறப்ப நீ இருப்பல்ல, முன்னால ஒக்காந்து சொல்லிட்டே போவியாம். வரப்ப பால்காரங்க யாராச்சும் இருப்பாங்க, அவங்க வாயக் கிளறிக்கிட்டே வந்துடுமாம். நீ கடைக்குப் போனப்பறம் போறப்பவும் அவங்கதான். தனியா மட்டும் ஆத்துல எறங்காதாம். எங்கிட்ட சொல்லிச் சிரிக்கும்."

நான் அப்போதே எழுந்து வெளியே வந்துவிட்டேன். பரிசல் அங்கேயேதான் குப்புறக் கிடந்தது.

அதற்குப் பிறகு அந்தக் காலையை ஒவ்வொரு நொடியாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். நான் முன்னால் உட்கார்ந்திருந்தால் அத்தை என்னை அக்கரையில் சேர்த்திருப்பார். அது அவரால் முடியும். ஆனால் தண்ணீர் ஏறும் நாளில் பரிசல் அங்கே நிற்கக்கூடாது. என்னை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்ப வேண்டும். அதுதான் அவரால் முடியாது. இதில் தண்ணீர் எங்கே வேண்டாம் என்றது? என் அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். "நீயும் ஏறிக்க, திரும்பறப்ப எனக்கு வழி சொல்லு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காரணம்கூடச் சொல்லியிருக்க வேண்டாம். பேச்சுத்துணைக்கு வா என்று வழக்கம்போல ஒரு கேலி போதும். அம்மாவிடம் அதைக் கேட்டால் எங்கே தெரிந்துவிடுமோ என்று பயந்திருக்கிறார். அந்தப் பயத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கூச்சப்படுகிறவர்களுக்குப் பயத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் அந்தப் பயத்துக்கு விலையாக அவர் கொடுத்தது தன்னுடைய பொருள் அல்ல, என்னுடைய ஒரு வருடம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. என் அப்பா துண்டை ஆட்டியதைப் பார்த்தவள் நான். பார்க்க முடியாதவர் அவர். பார்க்க முடியாதவர் என்னிடம், நான் பார்த்தது தப்பு என்றார். நானும் நம்பினேன். எனக்குப் பேச வரும் என்று எனக்கே காட்டியவர் அவர்தான். கொக்கு எத்தனை என்று அவர் கேட்டது என் பேச்சைக் கேட்கும் ஆசையால் என்று ஐந்து வருடம் நினைத்திருந்தேன். ஒருவேளை ஆசையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். எவ்வளவு என்று இனி யாரிடம் கேட்பது?

முப்பதாம் நாளுக்கு வைக்கும் பேனரில் "ஓர் உயிரையும் ஆற்றுக்குக் கொடுக்காத எங்கள் பவுனம்மாள்" என்று போட்டிருக்கிறார்கள். எழுத்துப்பிழை பார்க்க என்னிடம் காட்டினார்கள். பிழை இல்லை. அதில் சொல்லியிருப்பதும் உண்மைதான். அவர் யாரையும் ஆற்றுக்குக் கொடுக்கவில்லை. தெரியாத கண்ணோடு நம் எல்லோரையும் வைத்து ஓட்டினார் என்பதும், என்னைக் கரையில் நிறுத்திவிட்டார் என்பதும் பேனரில் வராது. அதற்காகத்தான் இதை எழுதினேன். அவரைத் திட்டவேண்டும் என்று நினைத்து உட்கார்ந்தேன். எழுதும்போது அந்தத் தவில் பேச்சு நினைவுக்கு வந்து சிரிப்பும் வந்துவிட்டது. சிரித்துவிட்டதால் மன்னித்துவிட்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

செல்வி அக்கா என்னிடம் துடுப்பைக் கொடுத்தார், ஞாபகத்துக்கு வைத்துக்கொள் என்று. வேண்டாம் என்று முருகேசன் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். இனி பரிசல் அவருடையது. அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது வேறு ஒன்று.

இந்த ஆனியில் மறுபடியும் கணக்குத் தேர்வு. பணம் கட்டிவிட்டேன், நானே போய், நானே கேட்டு. நேற்று முருகேசன் அண்ணன் புதுத்தண்ணீருக்கு முன்னால் பரிசலின் அடிக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னா புள்ள?"

"அண்ணே, அக்கரைல என்ன தெரியுது? சொல்லுங்க பாப்போம்."

அவர் சிரித்தார். "அத்த மாரியே கேக்கற."

"சொல்லுங்கண்ணே."

என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தார்க்குச்சியைக் கீழே வைத்தார். நிமிர்ந்து, வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"கம்பம். பனை மூணு. கொட்டா மேல ஒரு கொக்கு. ஒங்கப்பா வண்டியத் தள்ளிட்டு வராரு, ஸ்டார்ட் ஆவல போல."

நானும் திரும்பிப் பார்த்தேன். அவர் சொன்னதெல்லாம் அங்கே இருந்தது.